தழும்பு வழுக்கை

தழும்பு வழுக்கை என்பது ஒரே நோயின் பெயரன்று. மயிர்க்கால்களை அழற்சி அழித்து, அவை இருந்த இடத்தில் தழும்புத் திசு படர்ந்துவிடும் அரிய நோய்கள் பலவற்றுக்கும் அது பொதுப்பெயர். லைக்கன் பிளானோபைலாரிஸ், டிஸ்காய்டு லூப்பஸ், சீழ்க்கொப்புளங்களோடு வரும் ஃபாலிகுலைட்டிஸ் டெகால்வன்ஸ் ஆகியவை இதில் அடங்கும். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு முன்நெற்றி முடியும் புருவமும் உதிரும் வகையை ஆஸ்திரேலிய மருத்துவர் ஸ்டீவன் கோசார்ட் 1994இல் விவரித்தார். முடியைத் திரும்பத் திரும்ப முளைக்கவைக்கும் ஸ்டெம் செல்கள் மயிர்க்காலின் மேற்பகுதியில், எண்ணெய்ச் சுரப்பியை ஒட்டி இருக்கின்றன. இந்நோய்களில் அழற்சி அங்கேயே இறங்குகிறது. புழுவெட்டில் தாக்குதல் அடிக்குமிழோடு நிற்பதால் முடி மீண்டும் வர வழியுண்டு. இதில் இல்லை.

ஆகவே இங்கே பெரிய கேடு நோய் அரிதாக இருப்பதன்று, அதைப் புழுவெட்டு என்று எண்ணிக் கழியும் மாதங்கள். திருவண்ணாமலை போன்ற கோயில் நகரில் "மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும்" என்ற யோசனை எளிதில் கிடைக்கும். சொட்டை விழுந்த இடத்தில் சின்ன வெங்காயமோ ஆற்றுத்தும்மட்டிக் காயோ தேய்ப்பது அடுத்த படி. பலன் கண்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. புழுவெட்டு பலருக்குத் தானாகவே ஆறும், பேர் வெங்காயத்துக்குப் போகும். மழித்த முடியின் முனை மழுங்கலாக இருப்பதால்தான் கைக்கு மொத்தமாகப் படுகிறது. கத்தி மயிர்க்காலை மாற்றுவதில்லை. போதாததற்கு, லைக்கன் பிளானோபைலாரிஸை உள்ளடக்கிய லைக்கன் பிளானஸ் காயம்பட்ட தோலில் புதிதாகத் தோன்றும் இயல்புடையது. வேண்டுதல் இருந்தால் அழற்சி தணியும்வரை தள்ளிப்போடலாம், அல்லது மிஷினில் ஒட்ட வெட்டிக்கொள்ளலாம்.

வேறுபாட்டை நல்ல வெளிச்சத்தில் ஓரளவு கண்ணாலேயே காணலாம். புழுவெட்டுச் சொட்டையில் மயிர்த்துளைகள் புள்ளிபுள்ளியாக எஞ்சியிருக்கும். தழும்பு வழுக்கையில் துளையே இல்லாமல் தோல் மெழுகிய தரைபோல் வழவழக்கும். பல வகைகளில் ஓரத்து முடிகளின் அடியில் செம்மையும் செதிலும் இருக்கும், நமைச்சலோ எரிச்சலோ கூடவரும். உறுதிசெய்வது பயாப்சி. வழக்கமாக 4 மி.மீ. அகலத் துண்டு ஒன்று, முடி இன்னும் நிற்கும் ஓரத்திலிருந்து எடுக்கப்படும். நடுவில் எடுத்தால் பழைய தழும்புதான் கிடைக்கும். இருக்கிற தழும்பு போதாதா, இன்னொன்றா என்ற தயக்கம் இயல்பானதே. ஆனால் அந்தச் சிறு துண்டில்லாமல் எந்த மருந்து என்று தீர்மானிப்பது கடினம்.

போன முடி வராது என்றால் மருந்து எதற்கு என்று கேட்பார்கள். மருந்து, இருக்கிற முடிக்காக. லைக்கன், லூப்பஸ் போன்ற லிம்போசைட் வகைகளுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை (கண் பரிசோதனையோடு), சீழ் வகைக்கு ஆன்டிபயாடிக் தருவது வழக்கம். நோய் தானே அடங்கிவிடும் என்பதும் உண்மைதான். தாக்குவதற்கு மயிர்க்கால் மிச்சமில்லாத நிலையிலும் அது அடங்கும். லூப்பஸ் வகை வெயிலில் முற்றும். 14 கி.மீ. கிரிவலத்தைப் பகலில் வெறுந்தலையோடு சுற்றுவதைவிட இரவில் போவது நல்லது. பௌர்ணமிக் கூட்டம் போவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

மொட்டை திருவண்ணாமலையில் அவமானமில்லை. 1896இல் இங்கு வந்த ரமண மகரிஷியும் முதலில் தலையை மழித்துக்கொண்டவர்தான். அதனால் இந்நோயோடு இங்கே வாழ்வது எளிது என்று முடிவுகட்டிவிட முடியாது. நேர்த்திக்கடன் மொட்டையில் சில மாதத்தில் முடி வந்துவிடும். தழும்போ மழித்த தலையிலும் திட்டுத்திட்டாகத் தெரியும். எந்தக் கோயில் மொட்டை என்று விசாரிப்பவர்கள் அடுத்ததாக என்ன வியாதி என்பார்கள், பெண்ணாக இருந்தால் பேச்சு கல்யாணம்வரை போகும். லைக்கன், லூப்பஸ் வகைகள் தொற்றாது என்பதைக் குடும்பத்தாருக்கும் முடிதிருத்துபவருக்கும் மருத்துவரே சொன்னால் பாதிச் சுமை குறையும். சொட்டையை மறைக்க முடித்தூளும் விக்கும் உண்டு. முடி நடும் அறுவைக்கு நோய் ஓரிரு ஆண்டாவது அடங்கியிருக்க வேண்டும். அப்போதும் நட்ட முடியை அது மறுபடி தாக்கக்கூடும் என்பதால், பணம் கட்டுமுன் தோல்நோய் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.