மலையடிவாரத்துப் பதிவேடுகளும் முன்னோர் தேடலும்

சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஆசாரியக் குடும்பங்களுள் சில, தங்கள் வம்ச அட்டவணையைக் காட்ட இயலாமையால் ஊழியத்தினின்று நீக்கப்பட்டதை எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். ஏடு கிடைக்காததால் நேர்ந்த இழப்பு அது. நம் சபைகளிலோ, ஏடு கிடைத்ததால் உரிமை இழந்தவர்களும் உண்டு. ஏடு ஒன்றினாலேயே தம் பாட்டனாரின் பெயரை அறிந்தவர்களும் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டையும் விவாகப் பதிவேட்டையும் வைத்து முன்னோரைத் தேடும் முயற்சி இன்று பெருகிவருகிறது. தேடுவோர் வந்து நிற்பது ஆயர் இல்லத்து வாயிலில்தான். ஆதலால் இப்பொருளைச் சிறிது ஆராய்வது தகும்.

நாம் எடுத்துக்கொள்வது தேவாரம் வட்டாரம். ஊரின் பெயரைக் கேட்டதும் சைவ நாயன்மார் மூவரின் பாடல்களை நினைப்போர் உண்டு. நாம் குறிப்பது போடிநாயக்கனூருக்குத் தெற்கே ஏலமலைத் தொடரின் அடியிலுள்ள ஊரை. 1996இல் தேனி மாவட்டம் அமையும் வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பழைய பதிவுகளில் 'மதுரை ஜில்லா' என்றே காணப்படும். தேனி என்று தேடுபவர் ஏமாறுவர்.

இங்கே 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனின் பணி பரவிற்று. அதற்கு நெடுங்காலம் முன்னரே, 1606இல் தே நோபிலி மதுரையை அடைந்தது முதலாகக் கத்தோலிக்கத் திருச்சபையும் இந்நாட்டில் வேரூன்றியது. கம்பம் பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்கள் உள்ளன. பெண் கொடுத்தலும் எடுத்தலும் சபை வேற்றுமையை எப்போதும் மதித்ததில்லை. ஆகையால் நம் ஏட்டில் திடீரென மறையும் ஒரு பெண்ணின் பெயரைப் பக்கத்துப் பங்கின் ஏட்டிலும் தேடவேண்டும்.

நிலமுடையோர்க்குப் பட்டாவும் பத்திரமும் உண்டு. கோயிலுக்குக் கொடை தந்தோர்க்குக் கல்வெட்டு உண்டு. ஏலத்தோட்டத்தில் களையெடுத்தும் காய் பறித்தும் கூலிக்கு உழைத்த குடும்பத்தின் பெயரை யார் எழுதிவைத்தனர்? அவர்களுள் கிறிஸ்தவரானோரைப் பொறுத்தவரை, பெயர், தகப்பன் பெயர், ஊர் ஆகிய மூன்றையும் ஒருங்கே தருவது பெரும்பாலும் சபைப் புத்தகமே.

இரு ஏடுகளும் ஒன்றுக்கொன்று துணையானவை. விவாகப் பதிவில் மணமக்களின் பெயர், வயது, முன்னர் மணமானவரா என்பது, தொழில், வசிக்கும் ஊர், தந்தையின் பெயர் ஆகியவை வரும். தாயின் பெயருக்கு அங்கே இடமில்லை. ஞானஸ்நானப் பதிவிலோ பெற்றோர் இருவர் பெயரும் வரும். ஆனால் அந்தத் தாய் யாருடைய மகள் என்பது வராது. எனவே ஒரு பிள்ளையின் ஞானஸ்நானத்தில் தாயின் பெயரைக் கண்டு, அப்பெயரைக் கொண்டு விவாக ஏட்டில் அவளுடைய தகப்பனைக் கண்டு, அவனுடைய ஊரின் ஞானஸ்நான ஏட்டுக்குப் போகவேண்டும். இவ்வாறு மாறிமாறி ஏறினாலன்றித் தாய்வழி கிடைக்காது. தந்தைவழி மட்டும் தேடுவோர் ஒரே புத்தகத்தோடு நின்றுவிடுகின்றனர். குடும்ப வரலாறுகள் பல பாதிக் குடும்பத்தின் வரலாறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

வயதை மட்டும் நம்பலாகாது. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டத்தின் 60ஆம் பிரிவு மணமகனுக்கு 16, மணமகளுக்கு 13 வயது கடந்திருக்கவேண்டும் என விதித்திருந்தது. பிறந்த நாள் தெரியாத மக்களிடையே, எழுதப்பட்ட வயது சட்டத்துக்குப் பொருந்துமாறு சொல்லப்பட்ட வயதாகவும் இருக்கலாம்.

அதே சட்டத்தின் 37ஆம் பிரிவை நம் ஊழியர் பலர் அறியார். ஐரோப்பியர் விவாகங்களின் பதிவுகளுக்குப் படியெடுத்து அனுப்பும் முறை இருந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களின் விவாகங்களோ தனிப் புத்தகத்தில் பதியப்பட்டு, புத்தகம் நிரம்பியதும் அதுவே மாவட்டப் பதிவாளருக்கோ தலைமைப் பதிவாளருக்கோ அனுப்பப்படவேண்டும் என்பது விதி. ஆகவே பழைய விவாக ஏடு சேகர அலமாரியில் இல்லையெனில், இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. இலண்டனில் உள்ள 1698 முதலான சென்னை மாகாணத் திருச்சபைப் படிகளில் பெரும்பாலும் ஐரோப்பியரும் அவர் வழிவந்தோருமே காணப்படுவர் என்பதையும், அங்கே எழுதிக் கேட்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.

இனி மலைக்கு வருவோம். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாகவும், போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும் ஏறியவர்கள் மேலே கால்வைத்தது திருவிதாங்கூர் மன்னரின் நாட்டில். 1956இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சேர்ந்தன. 1872ஆம் ஆண்டுச் சட்டமோ பழைய திருவிதாங்கூர்–கொச்சிப் பகுதிக்கு இன்றும் செல்லாது. ஒரு குடும்பத்தில் அண்ணனுக்கு அடிவாரத்திலும் தம்பிக்குத் தோட்டத்திலும் மணம் நடந்திருந்தால், அண்ணனின் பதிவு ஒரு சட்டத்தின் கீழும், தம்பியின் பதிவு அச்சட்டத்துக்குப் புறம்பாகவும் இருக்கும். தம்பியின் மணத்துக்குத் தோட்டத்துச் சபையின் புத்தகமே சான்று. அப்புத்தகமும் பேராய எல்லையோடு இடம் மாறியிருக்கலாம். 1983இல் மத்திய கேரளப் பேராயத்திலிருந்து கிழக்குக் கேரளப் பேராயம் பிரிந்தது.

பெயர்களும் தேடுவோரைத் திகைக்கவைக்கும். மதுரை மிஷனின் தாய்வீடான யாழ்ப்பாண அமெரிக்க மிஷனில் மாணவர்க்கு அமெரிக்க அன்பர்களின் பெயர்களை இடும் வழக்கம் இருந்தது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளைக்கு (1832–1901) சார்லஸ் வின்ஸ்லோ என்னும் பெயரும் இருந்தது. அவர் தந்தை வைரவநாதர், சைரஸ் கிங்ஸ்பெரி எனப்பட்டார். பிள்ளையவர்கள் சைவத்துக்குத் திரும்பினார். அவர் மகன் அழகசுந்தரமோ பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயரோடு கிறிஸ்தவப் போதகராய் விளங்கினார். பாட்டன் பெயரையும் பேரன் பெயரையும் மட்டும் ஏட்டில் காண்பவர், இடையில் நிகழ்ந்ததை எவ்வாறு ஊகிப்பார்?

ஏறிக்கொண்டே போனால் வயதுவந்தோர் ஞானஸ்நானம் ஒன்றில் தேடல் முடிகிறது. தகப்பன் பெயர் எழுதப்பட்டிருந்தால், கிறிஸ்தவரல்லாத ஒருவர் சபைப் புத்தகத்தில் நிற்கிறார். அவருக்கு அப்பால் எழுத்து இல்லை. சிலர் அந்தப் பெயரை விட்டுவிட்டு, முதலில் ஞானஸ்நானம் பெற்றவரிலிருந்து வம்சத்தைத் தொடங்குகின்றனர். நமக்கு அது உடன்பாடன்று.

சாதிக் குறிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 40 பெயர்கள் உள்ளன. குளோரிந்தாளும் அவர்களுள் ஒருவர். அவர்கள் 13 சாதியினர் என்பது அவ்வேட்டிலிருந்தே தெரியவருகிறது. மதுரை மிஷன் 1847இல் சபையாரிடையே சாதி வேற்றுமையை ஒழிக்கக் கண்டிப்பான நடவடிக்கை எடுத்தது. ஒழிக்க விரும்பியதைக் குறித்துவைப்பதா என்னும் கேள்வி அன்றே எழுந்திருக்கவேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அக்கேள்வியைக் கூர்மையாக்கியது. அதன் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதியினர் என்னும் நிலையை இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த புதுச்சேரி வழக்கொன்றில், குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானமும் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஆகவே ஏட்டைக் கேட்டு வருபவர் யாவரும் ஒரே நோக்கத்தோடு வருவதில்லை. ஒருவர் பெருமைக்காக வருவார்; ஒருவர் தாய்வழிச் சொந்தத்தைத் தேடி வருவார்; இன்னொருவரோ தம் வரி அங்கே இல்லாதிருக்கவேண்டும் என்று மன்றாடவும் கூடும். அவருடைய துன்பம் மெய்யானது. அதற்குக் காரணம் ஆணையின் அநீதியேயன்றி ஏடன்று. வரியை அடிப்பதற்கோ திருத்துவதற்கோ ஆயருக்கு உரிமையில்லை. அதேபோல், அயலார் கேட்டவுடன் பிறர் குடும்பத்தின் சாதிக் குறிப்பைப் படியெடுத்துக் கொடுப்பதற்கும் உரிமையில்லை என்றே கருதுகிறோம். குடும்பத்தாருக்கு அவர்கள் பக்கத்தின் மெய்ப்படி தரலாம். கையால் படியெடுக்கையில் எழுத்துப் பிழையையும் மூலத்தில் உள்ளவாறே எழுதவேண்டும். 'தேவரம்' என்றிருப்பதைத் 'தேவாரம்' என்று திருத்தினால், பின்வருவோர்க்கு ஒரு தடயம் போய்விடும். பக்கங்களை நிழற்படமெடுத்து ஒரு பிரதியைப் பேராய அலுவலகத்தில் வைப்பது பெருஞ்செலவன்று. மலைச் சபைகளும் அடிவாரச் சபைகளும் தத்தம் ஏடுகள் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை உள்ளன என்னும் பட்டியலையாவது ஒருவர்க்கொருவர் பரிமாறிக்கொண்டால், மெட்டுக்கு இருபுறமும் அலைபவர்களுக்கு ஒரு நடை குறையும்.