காலாப்பட்டில் ஒரு பிரெஞ்சு வாசகம்

போன மாதம் பேத்தியுடன் காலாப்பட்டுக்குப் போயிருந்தேன். பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர அவளுக்கு ஆசை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், முத்திரையில் இருந்த வாசகத்தைக் காட்டி, "இது என்ன தாத்தா?" என்றாள். "வேர் லா லுமியேர்" என்று வாசித்தேன். "வேரா? மரத்து வேரா?" என்று சிரித்தாள். "இல்லைம்மா, வெளிச்சத்தை நோக்கி என்று அர்த்தம்" என்றேன். ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் பிரெஞ்சில் எப்படி வாசகம் வந்தது என்று அடுத்து கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுவையில் படிப்புக்குக் குறைவில்லை. 1823-இல் மருத்துவப் பள்ளி, 1826-இல் இன்றைய லிசே, 1838-இல் சட்டப் பள்ளி என்று வரிசையாக வந்தன. ஆனால் பல்கலைக்கழகம் என்று ஒன்று கிடையாது. பெரிய பட்டம் வேண்டுமென்றால் கப்பலேற வேண்டும். வசதி உள்ளவர்கள் ஏறினார்கள். மற்றவர்கள் பிரெவே முடித்து, ஏதாவது ஒரு பீரோவில் எழுத்தராக உட்கார்ந்தார்கள்.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. அதற்குப் பிறகும் நம் கல்லூரிகளுக்குச் சொந்த வீடு இல்லை. புதுவையும் காரைக்காலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ், மாஹே கள்ளிக்கோட்டையின் கீழ், ஏனாம் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் கீழ். ஒரே அரசு, மூன்று பல்கலைக்கழகங்கள்.

இந்தக் குழப்பத்தில் மாட்டியவர்களில் நானும் ஒருவன். பிரெஞ்சு மீடியத்தில் படித்து, 1965-இல் பிரெவே தேறினேன். கல்லூரியில் சேர மனுப் போட்டேன். "இந்தச் சான்றிதழ் எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம் என்று கடிதம் கொண்டு வா" என்றார்கள். அந்தக் கடிதத்துக்காக ஒரு வருடம் நடந்தேன். அதற்குள் அப்பா படுத்துவிட்டார். வீட்டில் என்னையும் சேர்த்து ஐந்து பேர் வயிறு. 1968-இல் எல்.டி.சி. வேலை கிடைத்தது. பட்டப்படிப்பு என்ற பேச்சு அதோடு முடிந்தது.

1985-இல் பாராளுமன்றத்தில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தின் நகல் என் மேஜைக்கு வந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆங்கிலத்தைப் படித்தேன். பல்கலைக்கழகத்தின் நோக்கங்களைச் சொல்லும் இடத்தில், பிரெஞ்சுக் கல்விக்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். என் சான்றிதழை வேண்டாத காகிதமாகத் திருப்பிக் கொடுத்த காலம் போய், அந்த மொழிக்குச் சட்டத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. எனக்கு அப்போது வயது 36. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். எனக்கென்று மனுப் போடத் தோன்றவில்லை.

இன்று அங்கே சுமார் 780 ஏக்கர். அந்தமானில் ஒரு வளாகம் இருக்கிறது. அங்கே கடல் உயிரியலும் பேரிடர் மேலாண்மையும் சொல்லித்தருகிறார்கள். சுனாமியைப் பார்த்த நமக்கு அந்தப் படிப்பின் அருமை தெரியும். மாணவர்களுக்கு 'புதுவை வாணி' என்று சொந்த வானொலியும் உண்டு. மர நிழலில் மலையாளம், தெலுங்கு, ஒரியா, இந்தி எல்லாம் காதில் விழுந்தன. நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை பெயர். துய்ப்ளேக்கு துபாஷியாக இருந்து, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். பிரெஞ்சில் படித்து, ஆங்கிலத்தில் கோப்பு எழுதி, தமிழில் சண்டை போட்ட எங்கள் தலைமுறை குமாஸ்தாக்களும் சின்ன துபாஷிகள்தானே!

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். சில பாடப்பிரிவுகளில்தான் புதுவைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத ஒதுக்கீடு. எல்லாப் பிரிவுகளுக்கும் அது வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நாடு முழுவதும் உள்ள பிள்ளைகள் வருவது நமக்குப் பெருமை. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசலிலிருந்து திரும்பிப் போவது எப்படி இருக்கும் என்பது, 1965-இல் திரும்பிப் போன எனக்குத் தெரியும்.

திரும்பும்போது பஸ்ஸில் பேத்தி கேட்டாள்: "தாத்தா, நீங்க அன்னைக்கே சேர்ந்திருக்கலாமே?" "சேர்ந்திருக்கலாம்மா" என்றேன். அவளுக்கு நுழைவுத் தேர்வு பாக்கி இருக்கிறது. பிரெஞ்சை விருப்பப் பாடமாக எடுப்பாளாம். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் உச்சரிப்பு சொல்லித்தருகிறேன். 'வேர்' மட்டும் இப்போது சரியாக வருகிறது.