ஓர் எழுத்து, இரண்டு சுரம்: பிளாக்கியும் ஒலிக்குறிகளும்

எங்கட 'க' எழுத்தை எடுங்கோ. 'கல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் எழுத்து ஒன்று, ஒலி மூன்று. தமிழ் கதைக்கிற ஆளுக்கு இது பிரச்சினையே இல்லை, வாய் தானாகச் சரியான ஒலிக்குப் போய்விடும். ஆனால் எழுத்தை மட்டும் பார்த்து வாசிக்கிற வெளியாள் தடுமாறத்தான் வேணும்.

இந்தத் தடுமாற்றம் எல்லா மொழியிலும் உண்டு. 1886இல் பாரிஸில் போல் பாசியும் வேறு சில மொழி ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய சர்வதேச ஒலியியல் சங்கம் அதுதான். 1888இல் அவர்கள் வைத்த விதிகளில் முக்கியமானவை இரண்டு. பொருளை மாற்றும் ஒவ்வோர் ஒலிக்கும் தனிக்குறி வேண்டும். எந்த மொழியில் வந்தாலும் ஒரே ஒலிக்கு ஒரே குறிதான். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், ஒரு மொழியில் எந்த வித்தியாசம் பொருளை மாற்றுது எண்டு ஆர் சொல்லுறது?

தென்னாபிரிக்காவில் பேசப்படும் செட்சுவானாவைப் பார்ப்போம். அதில் வினைச்சொல்லுக்கு முன் வரும் 'ஒ' என்ற சின்னச் சொல்லைத் தாழ்ந்த சுரத்தில் சொன்னால் 'நீ', உயர்ந்த சுரத்தில் சொன்னால் 'அவன்' அல்லது 'அவள்'. தமிழில் குரலை உயர்த்தினால் கேள்வியாகலாம், கோபமாகலாம், ஆள் மாறமாட்டார். செட்சுவானாவில் ஆளே மாறிவிடுவார். அங்கு போன மிஷனரிமார் 1857இலேயே முழு பைபிளையும் அச்சிட்டுவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு மிஷனுக்கும் ஒவ்வொரு எழுத்துமுறை, சுரத்துக்கோ குறியே இல்லை.

சொலமன் பிளாக்கியின் தாய்மொழி அதுதான். பத்திரிகையாளர், பின்னாளில் ஆபிரிக்க தேசிய காங்கிரஸ் ஆன அமைப்பின் முதல் பொதுச் செயலாளர். 1913ஆம் ஆண்டின் காணிச் சட்டம் கறுப்பின மக்களை நாட்டின் ஏறத்தாழ 7 வீத நிலத்துக்குள் ஒதுக்கியது. அதை எதிர்த்து 1914இல் லண்டன் போன தூதுக்குழுவில் அவரும் ஒருவர். பிரித்தானிய அரசு தலையிட மறுத்தது. அவர் மட்டும் அங்கேயே தங்கினார்.

அப்படித் தங்கிய காலத்தில்தான் யூனிவர்சிட்டி கொலிஜில் டானியல் ஜோன்ஸின் ஒலியியல் வகுப்புக்குப் போனார். பிளாக்கி சொன்ன வசனங்களை ஜோன்ஸ் ஒலிக்குறிகளில் கரும்பலகையில் எழுத, செட்சுவானாவே தெரியாத ஆங்கிலப் பெண்கள் அவற்றைப் பிசகாமல் வாசித்தார்கள். பிளாக்கி அசந்துபோனார். வெளியில் படிக்கப்போகும் தன் இனத்துப் பிள்ளைகள் பழைய உச்சரிப்பை மறந்துபோவார்களே என்ற கவலை அவருக்கு இருந்தது. அதைக் காப்பாற்ற ஒரு கருவி கிடைத்துவிட்டது!

1916இல் இருவரும் சேர்ந்து செட்சுவானா வாசிப்பு நூலொன்றை வெளியிட்டார்கள். காணிச் சட்டத்தைப் பற்றிய பிளாக்கியின் புத்தகமும் அதே ஆண்டுதான் வந்தது. நிலத்துக்கும் மொழிக்குமாக ஒரே நேரத்தில் இரண்டு வழக்குப் பேசியிருக்கிறார் மனிதர். காலனிக்காரர் மொழியைச் சொல்லிக்கொடுக்க, வெள்ளைக்காரப் பேராசிரியர் பெயரில் புத்தகம் வருவது சாதாரணமாக இருந்த காலம் அது. இந்த நூலின் அட்டையில் இரண்டு பெயரும் இருந்தன. 1919இல் வந்த பேச்சுச் சிங்கள வாசிப்பு நூலும் அப்படித்தான்: எச். எஸ். பெரேரா, டானியல் ஜோன்ஸ்.

சுரத்தை எழுதும் முறையும் மெல்லமெல்ல ஒழுங்குக்கு வந்தது. நிமிர்ந்த கோடொன்றில் ஐந்து படிகளைக் காட்டும் குறிகளை 1930இல் முன்வைத்தவர் சீன மொழியியலாளர் சாவோ யுவென் ரென். சுரம் அவருடைய மொழியின் உயிர். 1989இல் கீல் மாநாட்டுக்குப் பிறகு அவை சர்வதேசக் குறிகளோடு சேர்ந்தன.

ஆனால் 1920களின் இறுதியில், தென்னாபிரிக்காவில் கல்வியாளர்களும் அதிகாரிகளும் செட்சுவானாவுக்குப் புது எழுத்துமுறை கொண்டுவரப் பார்த்தபோது, பிளாக்கி கடுமையாக எதிர்த்தார். ஒலிக்குறிகளைக் கொண்டாடிய அதே ஆள்தான். இதில் முரண் இல்லை. கருவி அவருக்குப் பிடித்திருந்தது. மொழிக்காரரை ஓரமாக இருத்திவிட்டு வெளியார் முடிவெடுப்பதுதான் பிடிக்கவில்லை.

இன்றும் வழக்கமான செட்சுவானா எழுத்தில் சுரத்துக்குக் குறி இல்லை. அந்த 'ஒ' நீயா அவளா எண்டு தெரிய, அந்த மொழி கதைக்கிற ஆளிட்டத்தான் கேட்கவேணும்.