யந்திரமும் லயமும்

'ரோபோ' என்ற சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தின் வழியே அது உலகெங்கும் பரவியது. அதன் வேரான 'ரொபோட்டா', பண்ணைப் பிரபுவுக்குக் குடியானவன் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும். அச்சொல்லின் பொருளை நம் மலையகம் நன்கறியும்.

1867-ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தொடக்கத்தில் அவருடைய பங்களாத் தாழ்வாரத்து மேசைகளில் தொழிலாளர் கொழுந்தைக் கையாலேயே உருட்டினர். கரி நெருப்பின்மேல் உலர்த்தினர். பின்னர் உருட்டும் யந்திரங்களும், டேவிட்சனின் 'சிரொக்கோ' உலர்த்திகளும் வந்தன. கைவேலை போயிற்று. ஆயினும் ஆள்தேவை குறைந்ததா? இல்லை. தொழிற்சாலையின் பசிக்கேற்பத் தோட்டங்கள் விரிந்து, அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூன்றரை லட்சம் ஏக்கரைத் தாண்டின. பறிக்கும் வேலைக்கு யந்திரம் இல்லாமையால், கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மேலும் மேலும் ஆட்களைக் கொணர்ந்தனர். யந்திரத்தின் வேகத்துக்குப் பெண்களின் விரல்கள் ஈடுகொடுத்தன. குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவளுக்குக் கிடைத்தது 'அரைப்பேர்', அதாவது அரைநாட் சம்பளம்.

1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியோரின் விதி ஒத்திவைக்கப்பட்டது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கண்ணீரோடு புகைவண்டி ஏறியவர்களின் வேலையை எந்த யந்திரமும் பறிக்கவில்லை. இரு அரசுகளின் கையெழுத்தே அதற்குப் போதுமானதாயிருந்தது.

இன்று கொழுந்து கொய்யும் யந்திரமும் மலையேறி வருகிறது. ஆட்கள் கிடைப்பதில்லை என்கின்றன நிர்வாகங்கள். அது பொய்யன்று. மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்தும் வயிறு நிறையாத வாழ்வை விட்டு இளைஞர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றனர். வளைந்த முதுகை நிமிர்த்தும் யந்திரத்தை நாம் ஏன் வெறுக்க வேண்டும்? எனினும் 2023 மே மாதம் கென்யாவின் கெரிச்சோவில் தொழிலாளர் கொழுந்து பறிக்கும் யந்திரங்களுக்குத் தீ வைத்தனர். 1811-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பின்னல் யந்திரங்களை உடைத்தவர்களைப் போலவே, யந்திரம் தரும் லாபம் தம் வீட்டுக்கு வராது என்பதை அவர்களும் அறிந்திருந்தனர்.

நம் தோட்டங்களில் இக்கேள்வி மேலும் கூர்மையானது. வேறிடத்துத் தொழிலாளி வேலையிழந்தால் கூலியை இழப்பான். இங்கோ லயத்துக் காம்பராவும் தோட்டத்தைச் சேர்ந்தது. ஐந்தாறு தலைமுறையாகக் குடியிருந்தும் பெரும்பாலோரிடம் காணியுறுதி இல்லை. வேலை போனால் கூரைக்கும் உத்தரவாதமில்லை. மூடத்தனத்தால் யந்திரத்தை எதிர்க்கிறார்கள் என்று கூறுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

யந்திரம் வரட்டும். அதற்கு முன், மண்ணைப் பொன்னாக்கிய மக்களின் கையில் வீட்டுக்கும் நிலத்துக்குமான உறுதி வரட்டும். மிச்சமாகும் உழைப்பின் பயனில் அவர்களுக்கும் பங்கு வரட்டும். இக்கோரிக்கையை நம் வகுப்பறைகளிலும் தொழிற்சங்கங்களிலும் இடையறாது எழுப்புவது நம் கடமை.