லிம்போமா: கதிர் அளவும் கட்டி அடங்குதலும்

நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவின் செல்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் மடிபவை. அதனால் எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்பதே இதில் நெடுநாள் கேள்வி. அளவு ‘கிரே’யில் சொல்லப்படும், ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது 1 கிரே.

1960களில் ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கப்லான், லிம்போமாவின் ஒரு வகையான ஹாட்ஜ்கின் நோய்க்கு ஏறத்தாழ 44 கிரே கொடுத்தார். கட்டி அடங்கியது, ஆனால் இத்தகைய சிகிச்சையில் பிழைத்த சிலரை, ஆண்டுகள் கழித்து இதய நோயும் மார்பகப் புற்றும் பிடித்தன. கீமோதெரபி துணைக்கு வந்தபின் அளவு இறங்கியது. தொடக்கநிலையில், சாதகமான அறிகுறிகள் உள்ளவர்களுக்கு இரண்டு சுற்று மருந்துக்குப் பின் 20 கிரே போதும் என்று ஜெர்மனியின் எச்டி10 ஆய்வு 2010இல் காட்டியது.

மெல்ல வளரும் ஃபாலிகுலர், மார்ஜினல் ஜோன் லிம்போமா வகைகளில் பிரிட்டனின் ஃபோர்ட் ஆய்வு சுவையானது. 12 தவணைகளில் 24 கிரே பெற்ற இடங்களில் 5 ஆண்டுகள் கழித்தும் சுமார் 90 சதவீதத்தில் கட்டி அடங்கியே இருந்தது; இரண்டே தவணைகளில் 4 கிரே பெற்ற இடங்களில் சுமார் 70 சதவீதம். ஆறில் ஒரு பங்கு கதிருக்கு இது மோசமில்லை. குணமாக்கும் நோக்கத்துக்கு 24 கிரே. வலியும் வீக்கமும் தணிந்தால் போதுமெனில் 4 கிரே இன்றும் வழக்கில் உள்ளது.