ஓய்வே மருந்து என்றிருந்த காலம்

எமது நாட்டில் பாடசாலை விளையாட்டுப் போட்டி என்றால் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே 'மரதன்' ஓட்டம் நடந்து முடிந்துவிடும். மூன்று மைலோ நான்கு மைலோ, ஊர் வீதிகளைச் சுற்றி வந்து பாடசாலை வாசலில் முடியும் ஓட்டம். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர் என்பதை நான் பத்திரிகைத் துறைக்கு வந்த பின்னரே அறிந்தேன். அந்தச் சொல்லை நாம் பாவித்த விதத்தில் இன்னொரு விடயமும் மறைந்திருந்தது. ஓடுவது மாணவர்களுக்குரியது, படையினருக்குரியது, பதக்கம் வெல்ல விரும்புபவர்களுக்குரியது. தொழில் செய்து குடும்பம் நடத்தும் ஐம்பது வயது மனிதர் ஒருவர் விடியற்காலையில் வீதியில் ஓடினால், அவருக்கு என்ன அவசரம் என்றுதான் ஊர் கேட்கும்.

இது எமது ஊரின் பழமை என்று எண்ணிவிட வேண்டாம். 1960களுக்கு முன்னர் மேலை நாடுகளிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. சொல்லப்போனால், நடுவயதுக்காரர் ஓடக்கூடாது என்பதற்கு அங்கே மருத்துவத்தின் முத்திரையும் இருந்தது. மாரடைப்பு வந்தவரை ஆறு வாரங்கள் கட்டிலில் அசையாமல் படுக்க வைப்பதே அக்காலச் சிகிச்சை. தானாக உணவருந்தவும் திரும்பிப் படுக்கவும்கூடப் பலருக்கு அனுமதியில்லை. அப்படிப் படுத்திருந்தவர்களின் கால்களில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று, இதயம் தப்பியும் உயிர் தப்பாதவர்கள் எத்தனையோ பேர். 1952 ஆம் ஆண்டு பொஸ்டன் நகரத்து வைத்தியர்களான சாமுவேல் லெவினும் பேர்னாட் லௌனும் இந்த நோயாளரைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கதிரையில் உட்கார வைக்கலாம் என்று எழுதினார்கள். வெறும் கதிரைதான், ஆனால் அதுவே அன்று துணிச்சலான பரிந்துரை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1953 இல், லண்டனில் ஜெரமி மொறிஸ் என்ற ஆய்வாளர் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். லண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களில் சாரதி நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துனர் நாள் முழுவதும் படியேறி இறங்குவார். இருவரும் ஒரே வர்க்கத்தினர், ஒரே பஸ்ஸில் பயணிப்பவர்கள். ஆனால் நடத்துனர்களுக்கு மாரடைப்புக் குறைவாக வந்தது. வந்தாலும் கடுமை குறைந்ததாக இருந்தது. லண்டனில் பாவித்து முடிந்த இரட்டைத்தட்டு பஸ்கள் பின்னர் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு வந்து கொழும்பு வீதிகளில் ஓடியதை என் வயதொத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றின் மேல்தட்டில் இருந்து ரிக்கட் வாங்கியபோது, மூச்சிரைக்க வந்து நின்ற அந்த நடத்துனர்தான் பஸ்ஸிலேயே அதிக ஆரோக்கியமானவர் என்று யார் நினைத்தோம்? மொறிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009 இல் காலமானார்.

ஆய்வு ஒன்று, அதை வீதிக்குக் கொண்டுவருவது வேறொன்று. அந்த இரண்டாவது வேலையைச் செய்தவர் வைத்தியர் அல்லர். நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த ஆர்தர் லிடியார்ட். 1917 இல் பிறந்த அவர் றக்பி விளையாடியவர், தன்னைத் திடகாத்திரமானவர் என்று நம்பியிருந்தவர். இருபதுகளின் பிற்பகுதியில், தன்னிலும் மூத்த கழக நண்பர் ஒருவருடன் ஐந்து மைல் ஓடியபோது நெஞ்சு வெடித்துவிடும் போலாயிற்று. அன்று தொடங்கிப் பல ஆண்டுகள் அவர் தன் உடம்பையே ஆய்வுகூடமாக்கினார். ஒரு வாரம் மிகக் குறைவாக ஓடிப் பார்ப்பார். இன்னொரு வாரம் எவரும் நினைக்காத அளவுக்கு ஓடிப் பார்ப்பார். கடைசியில் கண்ட முடிவு எளிமையானது: வேகத்தால் அல்ல, நீண்ட தூரத்தை மூச்சு முட்டாத வேகத்தில் ஓடுவதாலேயே உடம்பு வளர்கிறது. பக்கத்தில் வருபவருடன் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும்; பேச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

அவரிடம் பயின்றவர்கள் பெரும்பாலும் அயல் வீதிப் பையன்கள். ஒக்லாந்துக்கு மேற்கேயுள்ள வைட்டாகெரே மலைப்பாதையில் 22 மைல் சுற்று ஒன்றை அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடினார்கள். 800 மீற்றர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லையும் அந்த 22 மைலை ஓட வைத்ததைப் பார்த்து மற்றைய பயிற்றுநர்கள் நகைத்தனர். 1960 செப்டெம்பர் 2 ஆம் திகதி ரோம் ஒலிம்பிக்கில், ஏறத்தாழ ஒரு மணித்தியால இடைவெளியில், ஸ்னெல் 800 மீற்றரிலும் மறே ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் தங்கம் வென்றனர். ஹல்பேர்க் றக்பி விபத்தில் இடது கை சூம்பிப் போனவர். அதே போட்டியில் பாரி மகீ மரதனில் வெண்கலம் பெற்றார். நகைப்பு அத்துடன் நின்றது.

என் பார்வையில், அந்தத் தங்கங்களைக் காட்டிலும் பெரிய விடயம் அதன் பின்னர் நடந்தது. நாடு திரும்பிய லிடியார்ட்டைப் பேச அழைத்த ஒக்லாந்து வர்த்தகர்களில் சிலர் இதய நோயாளர்கள். அவர்களையும் அவர் மெல்ல ஓட வைத்தார். கொலின் கே என்பவரின் முன்முயற்சியில் 1962 இல் அங்கே மெதுவோட்டக் கழகம் ஒன்று உருவாயிற்று. உலகின் முதலாவது மெதுவோட்டக் கழகம் என்று பலர் அதைக் குறிப்பிடுவர். இந்த கே பின்னாளில் ஒக்லாந்தின் மேயரானார். வைத்தியம் கட்டிலில் போட்டு வைத்திருந்த மனிதர்கள் கடற்கரையோரம் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் ஒரேகன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பில் பவர்மன் தன் ஓட்டவீரர்களுடன் நியூசிலாந்து வந்தார். லிடியார்ட் அவரை ஒரு ஞாயிறு காலை அந்தக் கூட்டத்துடன் ஓட அழைத்துச் சென்றார். பவர்மனுக்கு அப்போது 51 வயது. உலகத் தரமான வீரர்களை உருவாக்கியவர். முதல் மேட்டிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. எழுபதைத் தாண்டிய, மாரடைப்புகளிலிருந்து மீண்ட முதியவர் ஒருவர் அவருக்காகத் தன் வேகத்தைக் குறைத்து, ஆறுதலாகப் பேசிக்கொண்டே உடன் ஓடி, அவரைக் கொண்டுவந்து சேர்த்தாராம். பவர்மன் அந்த அவமானத்தைப் பொக்கிஷமாக ஊருக்கு எடுத்துச் சென்றார். 1963 இல் யூஜீன் நகர மைதானத்தில் அவர் தொடங்கிய வகுப்புக்குச் சில வாரங்களிலேயே ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டனர். யாராவது விழுந்து இறந்துவிடுவார்களோ என்று அஞ்சி அவரே அதை இடைநிறுத்தினார். பின்பு இதய வைத்தியர் வால்டோ ஹரிஸை அழைத்து, சிறு குழுக்களுடன் ஒழுங்காகப் பரிசோதித்து, 1967 இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட மெதுவோட்ட நூல் பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. ஒரு நாள் கடினம், மறுநாள் இலகு என்ற பயிற்சி முறையை நிலைநாட்டியவரும் இவரே. வளர்ச்சி ஓடும்போதல்ல, ஓடியதற்கும் அடுத்த ஓட்டத்திற்கும் இடையில் நிகழ்கிறது என்பது அவர் கொள்கை. பில் நைற்றுடன் சேர்ந்து இவர் 1964 இல் தொடங்கிய நிறுவனமே பின்னர் 'நைக்கி' ஆயிற்று. சப்பாத்து ஒட்டும் பசையின் நச்சாவியைப் பல ஆண்டுகள் காற்றோட்டமில்லாத அறையில் சுவாசித்ததால் பவர்மனின் கால் நரம்புகள் பழுதடைந்தன. அமெரிக்காவை ஓட வைத்தவர் தாம் செய்த சப்பாத்தை அணிந்து ஓட முடியாதவரானார்.

அச்சம் போன இடத்தில் அளவற்ற நம்பிக்கை வந்து குடியேறியது. 1977 இல் வெளிவந்த ஜிம் பிக்ஸின் ஓட்ட நூல் அதன் உச்சம். நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட் புகைத்த, பருத்த உடலுடைய சஞ்சிகையாளர் பிக்ஸ், டென்னிஸ் ஆடும்போது கெண்டைக்கால் காயமடைந்து, அதைத் தேற்றிக்கொள்ளவே 35 ஆவது வயதில் ஓடத் தொடங்கியவர். காயத்தில் தொடங்கிய ஓட்டம் அவரைப் புது மனிதராக்கியது. 1984 ஜூலை 20 ஆம் திகதி வேர்மொண்ட் மாநிலத்தில் வீதியில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். வயது 52.

அந்தச் செய்தி டெலிபிரின்டரில் வந்தபோது நான் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் இருந்தேன். எங்கள் மூத்த உதவி ஆசிரியர் தாளைக் கிழித்தெடுத்து வாசித்துவிட்டு, "பார்த்தீரோ தம்பி, ஓடித் திரிந்தவர் போய்ச் சேர்ந்திட்டார். கதிரையில் இருக்கிற நாங்கள் இன்னும் இருக்கிறோம்" என்று இன்னொரு சிகரெட்டைப் பற்றவைத்தார். உலகமே அன்று அப்படித்தான் சிரித்தது. பிரேத பரிசோதனையில் பிக்ஸின் இதயக் குழாய்களில் ஒன்று 95 சதவீதமும், மற்றொன்று 85 சதவீதமும், மூன்றாவது 70 சதவீதமும் அடைபட்டிருந்தது தெரியவந்தது. அவரது தந்தை 43 வயதிலேயே இதய நோயால் இறந்தவர். ஓட்டம் அவரைக் கொன்றது என்பதிலும், தந்தையை விட ஒன்பது ஆண்டுகள் கூடுதலாக அவர் வாழ்ந்தார் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆயினும் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு கெனத் கூப்பர் என்ற வைத்தியர் அழைத்தும் பிக்ஸ் மறுத்திருந்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதயத்தைப் பற்றிய இந்த வாதங்களில், உண்மையில் அடிபடும் உறுப்பு கவனிக்கப்படாமற் போயிற்று. ஓடுபவனின் துன்பம் நெஞ்சில் அல்ல, கால்களில். 1855 இலேயே புருசியப் படை வைத்தியர் பிரைத்தாப்ட், நெடுந்தூரம் அணிநடை சென்ற புதிய சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி நோவதைப் பதிவு செய்தார். அது எலும்பு வெடிப்பு என்பது எக்ஸ்ரே வந்த பின்னர் 1897 இல் புலனாயிற்று. புதிய சுமை வரும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்து அகற்றுகிறது. அதன் பின்னரே புதியதைக் கட்டுகிறது. ஆகவே சில வாரங்களுக்கு அது முன்னிலும் பலவீனமாக இருக்கும். அதே வாரங்களில்தான் மூச்சு சீராகி, 'எனக்கு இப்போது எவ்வளவும் முடியும்' என்ற எண்ணமும் வரும். மூச்சு வாரங்களில் பழகுகிறது, தசைநாணும் எலும்பும் மாதங்கள் கேட்கின்றன. ஓடத் தொடங்குபவர்களின் காயங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் விளைவதே.

காயத்துக்கும் முதலில் கிடைத்த மருந்து அதே பழைய ஓய்வுதான். 1978 இல் அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரு சூத்திரமாக்கினார். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ரைஸ்', அதாவது சோறு, எமக்கு மறக்காது. பல தசாப்தங்களின் பின்னர், முழு ஓய்வும் ஐஸும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே திருத்தி எழுதினார். தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட சூத்திரத்தைத் தானே திருத்தும் நேர்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

2011 இல், எனது 56 ஆவது வயதில், குதிக்காலுக்கு மேலே தசைநாண் தடித்து நோவெடுத்தது. காலையில் கட்டிலால் இறங்கி முதல் பத்து அடி வைப்பதே வேதனை. நான் சென்ற வைத்தியர், "இந்த வயதில் ஓட்டம் எதற்கு ஐயா, விட்டுவிடுங்கள்" என்றார். இரண்டு மாதம் ஓடவில்லை. நோவு போயிற்று, காலிமுகத்திடலில் மீண்டும் ஓடிய மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அப்போதுதான் சுவீடன் வைத்தியர் ஹோகான் அல்பிரெட்சனின் கதையை வாசித்தேன். அவருக்கும் இதே நோவு. சத்திரசிகிச்சை கேட்டார், விடுப்பில் போகவிட முடியாதென மேலதிகாரி மறுத்தார். தசைநாண் அறுந்து போனாலாவது வெட்டித்தானே ஆக வேண்டும் என்று, நோவைப் பொருட்படுத்தாமல் படியின் விளிம்பில் நின்று குதிக்காலைக் கீழே இறக்கி இறக்கிச் சுமையேற்றினார். அறுவதற்குப் பதிலாக அது குணமாகிவிட்டது!

1998 இல் அவர் வெளியிட்ட ஆய்வில், பொழுதுபோக்குக்காக ஓடும் 15 பேர் இப்பயிற்சியை நாளுக்கு இரு வேளை, 12 வாரங்கள் செய்தனர். 15 பேரும் மீண்டும் ஓடினார்கள். பிற்காலத்து ஆய்வுகள் எல்லாம் இத்தனை பிரகாசமாக இல்லை. குதி எலும்பில் ஒட்டும் இடத்தில் நோவு இருப்பவர்களுக்குப் பலன் குறைவு. ஆனாலும் 1952 இல் இதயத்துக்கு நடந்ததே 46 ஆண்டுகளின் பின்னர் தசைநாணுக்கு நடந்தது. நான் எங்கள் தொடர்மாடிப் படிக்கட்டில் 12 வாரமும் செய்தேன். அயலவர்கள் யாருக்கோ காத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான்காம் மாதம் நோவின்றி ஐந்து கிலோமீற்றர் ஓடினேன்.

வாரத்திற்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பது ஓடுபவர்கள் வேதவாக்காகச் சொல்லும் விதி. 2008 இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வாளர்கள் புதிய ஓட்டக்காரர்களை இரு குழுக்களாக்கி அதைச் சோதித்தனர். அவ்விதிப்படி 13 வாரங்கள் மெல்லக் கூட்டிய குழுவில் 20.8 சதவீதத்தினர் காயமடைந்தனர். எட்டு வாரத்தில் கூட்டிய குழுவில் 20.3 சதவீதத்தினர். அழகான விதிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. முன்னர் காயமடைந்தவர் மீண்டும் காயமடையக்கூடும் என்பதே பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு.

1996 இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் ஐம்பதைக் கடந்த தன் தாயை மனதில் வைத்து ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை வகுத்தார். வாரத்தில் மூன்று நாள், சிறிது ஓட்டம், சிறிது நடை. முடிவில் ஐந்து கிலோமீற்றர். உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இன்று பின்பற்றுவது அதையே. எங்கள் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரும் இவ்வாண்டு அதைத் தொடங்கியிருக்கிறார். ஐந்தாவது வாரத்தின் மூன்றாம் நாள் நடையே இல்லாமல் 20 நிமிடம் ஓட வேண்டும். அதைக் கண்டு அஞ்சி, அவர் நான்காவது வாரத்தையே மூன்றாவது தடவையாக ஓடிக்கொண்டிருக்கிறார். முழங்காலில் நோவில்லை என்கிறார். நானும் அவரை அவசரப்படுத்தவில்லை.