இமயமலையில் பனிச்சரிவு அபாயம்

மலைச்சரிவில் படிந்த பனி பிடிமானம் இழந்து பெருந்திரளாகக் கீழிறங்குவது பனிச்சரிவு. இந்தியாவில் காஷ்மீர், லடாக், இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், சிக்கிம், அருணாசலப் பிரதேசம் ஆகியவற்றின் உயர்மலைகளில் இது நிகழ்கிறது. ஊர்களும் சாலைகளும்கூட இதில் புதைவதுண்டு. ஆனால் சாலையை விட்டு விலகிப் பனிச்சறுக்குக்கும் மலையேற்றத்துக்கும் செல்வோரின் நிலை வேறு. அவர்களைப் புதைக்கும் சரிவுகளில் பெரும்பாலானவை அவர்களோ உடன் வந்தவர்களோ கால் வைத்ததால் கிளம்புபவை. ஆகவே எங்கே கால் வைப்பது, எங்கே வைக்காமல் திரும்புவது என்ற முடிவுதான் உயிரைக் காக்கிறது.

ஒவ்வொரு பனிப்பொழிவும் தனி அடுக்காகப் படிகிறது. காற்றால் இறுகிய மேலடுக்குக்கு அடியில் வலுவற்ற அடுக்கு ஒன்று இருந்தால், ஒரு மனிதரின் எடையே அதை நொறுக்கப் போதும். விரிசல் நொடிப்பொழுதில் பக்கவாட்டில் ஓடும். மேலடுக்கு அகன்ற பலகையாக உடைந்து நழுவும். பல நேரங்களில் அவர் நிற்கும் இடத்துக்கு மேலேயே அது உடைவதால் தப்புவது அரிது. உயிரிழப்புகளில் பெரும்பகுதிக்கு இந்தப் பலகைச் சரிவே காரணம்.

வலுவற்ற அடுக்கு உருவாகும் விதம் கவனிக்கத்தக்கது. பனிக்கு அடியிலுள்ள நிலம் ஏறத்தாழ 0 டிகிரியில் இருக்க, மேற்பரப்போ கடுங்குளிரில் உறைகிறது. பனியின் கனம் குறைவாக இருந்தால் இந்த வெப்ப வேறுபாடு கூர்மையாகிறது. ஈரப்பதம் ஆவியாக மேலேறி, பனித்துகள்களைச் சர்க்கரை போன்ற ஒட்டாத மணிகளாக மாற்றிவிடுகிறது. லடாக், காரகோரம் போன்ற குளிர்ந்த வறண்ட பகுதிகளில் இத்தகைய அடுக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். வானம் தெளிந்த நாளிலும் ஆபத்து மறைந்தே இருக்கும். குல்மார்க் அமைந்துள்ள பீர் பாஞ்சால் தொடரில் குளிர் சற்றுக் குறைவு, பனிப்பொழிவு மிகுதி. அங்கே பனிப்புயலின்போதும் அதை அடுத்த ஓரிரு நாட்களிலும் அபாயம் உச்சத்தில் இருக்கும்.

பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் கிளம்புகின்றன. அதைவிடச் செங்குத்தான இடங்களில் பனி அவ்வப்போது சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். சாய்வு 30 டிகிரிக்குக் குறைந்த இடத்தில் நடப்பது பாதுகாப்பானதுதான், தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு இல்லாதவரை. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி முகட்டின் மறுபக்கத்தில் குவிப்பதால், காற்றுக்கு மறைவான சரிவுகள் கூடுதல் சுமை தாங்குகின்றன. வசந்த காலத்தில் வெயில் ஏறியதும் பனி நீர்கோத்துத் தளர்கிறது. அதனால் விடியலுக்கு முன் புறப்பட்டு வெயிலுக்கு முன் திரும்புவது மலையேறிகளின் வழக்கம்.

அருகிலுள்ள சரிவில் புதிதாகப் பனி சரிந்திருப்பது, காலடியில் ‘தொம்’ என்று பனி அமிழும் ஓசை, பாதத்திலிருந்து ஓடும் விரிசல், திடீர் வெப்ப உயர்வு ஆகியவை திரும்பிப் போகச் சொல்லும் அறிகுறிகள்.

பனிக்காலத்தில் மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பது தவறு. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் கிடைக்கவில்லை. அதே ஆண்டு எவரெஸ்ட் ஏறிய பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் மாண்டார். தேர்ச்சி மட்டுமே காப்பு அல்ல என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் பனிச்சரிவு ஆய்வுக்காக 1969-இல் மணாலியில் தொடங்கப்பட்ட நிறுவனம், 2020-இல் பாதுகாப்புத் துறையின் புவித்தகவல் ஆய்வு நிறுவனத்தின் பகுதியானது. பனிச்சரிவு முன்னறிவிப்புகளை இந்தப் புவித்தகவல் நிறுவனம் வெளியிடுகிறது. ஐரோப்பாவில் 1993 முதல் ஐந்து நிலை அபாய அளவீடு வழக்கில் உள்ளது. அங்கே அதிக உயிர்கள் பலியாவது நான்கிலோ ஐந்திலோ அல்ல, மூன்றாம் நிலையில். நடு எண் என்பதால் அதை மிதமான ஆபத்து என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

புதையுண்டவரை முதல் 10 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். பிறகு அது வேகமாகச் சரிகிறது. வெளியிலிருந்து மீட்புப் படை வர அந்த நேரம் போதாது. எனவே குழுவில் ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் இருப்பிடங்காட்டிக் கருவி, பனியைக் குத்தித் தேடும் நீள்கம்பு, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். அவற்றைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். பனிமலைப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன், அன்றைய முன்னறிவிப்பைப் பார்ப்பவர் யார், பாதையை மாற்றும் அதிகாரம் யாருக்கு, இந்த மூன்று கருவிகளும் தரப்படுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் அந்தக் குழுவுடன் போகாதீர்கள்.